திருதிருவென விழித்த கட்டையன்

யுவஸ்ரீயின் சித்தப்பா பூபாலனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் கட்டையன் இருந்தான்.

கட்டையன் ஒரு பழைய கணினி. வயது நாற்பதுக்குக் குறையாது. பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருப்பான். மொத்தக் கணினியும் அதற்குள்ளேதான். டிவியில் மாட்டினால்தான் அவனுக்கு முகமே வரும். சென்னையில் ஒரு நண்பர் தூக்கிப் போட இருந்தவனைச் சித்தப்பா மடியில் வைத்து ரயிலில் திருத்தணிக்கு அழைத்து வந்திருந்தார்.

கட்டையன் காலத்தில் வீடுகளில் இன்டர்நெட் ஏது? அதனால் அவன் முதுகில் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றைச் செருகினார் சித்தப்பா. வீட்டு வைஃபையை அது பிடித்துக் கொடுக்கும்.

ஒரே ஒரு தொல்லை. அவன் டிவியில் உட்கார்ந்தால் யுவஸ்ரீயின் அம்மா சுலோச்சனாவால் சீரியல் பார்க்க முடியாது.

"பூபாலா, இவனால எதுனா பிரயோஜனம் உண்டா? ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரர் வரார். போட்டுடப் போறேன்" என்றார் அம்மா.

"ஐயோ அண்ணி! மழை வருமான்னு நெட்ல பார்த்து இவனே சொல்லுவான்."

"அதான் போன் சொல்லுதே!"

"போன் சொல்றது பெருசா? கட்டையன் சொல்றதுதான் பெருசு!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. சனிக்கெழம மாடியில வேர்க்கடலை காயப் போடணும். மழை வருமான்னு இவனே சொல்லட்டும். நான் போனைத் தொட மாட்டேன். சரியா சொன்னா இருந்துட்டுப் போவட்டும்."

சித்தப்பா ராப்பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். யுவஸ்ரீ பக்கத்திலேயே இருந்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம் சித்தப்பா? நெட்ல வரதை அப்படியே காட்டச் சொல்லுங்க."

"நீ ஒரு செல்ஃபி எடுத்தா, அதுல உன் காதுகூட இவன் மண்டையில அடங்காது யுவா. எல்லா ஊர்ப் பேரும் ஒவ்வொரு எழுத்தா வந்துகினே இருக்கும். நம்ம ஊர் வந்ததும் கப்புனு பிடிச்சிக்கணும். மத்ததை விட்டுடணும்."

சனிக்கிழமை காலை கட்டையன் டிவியில் தெளிவாகச் சொன்னான்: மழை இல்லை.

அம்மா நம்பிக் கடலையைப் பரப்பினார். மத்தியானம் கொட்டியது பாருங்கள் ஒரு மழை! ஓடிப்போய் அள்ளுவதற்குள் பாதிக் கடலை ஊறிவிட்டது.

அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு கோதண்டபாணி வரட்டும்" என்று மட்டும் சொன்னார். கோதண்டபாணிதான் அந்தப் பழைய இரும்புக்காரர்.

சித்தப்பா கட்டையனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். யுவஸ்ரீக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் திருப்பதியிலிருந்து சுஜாதா அத்தை போன் செய்தார். "அங்க மழையா? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது."

யுவஸ்ரீ துள்ளி எழுந்தாள். "சித்தப்பா! கட்டையன் பொய் சொல்லல. திருப்பதிக்குச் சரியா சொல்லிக்கிறான்! நம்ம ஊர்ப் பேரை இவனுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"இடம் பத்தல. அதனால இங்கிலீஷ்ல முதல் நாலு எழுத்துதான். டி, ஐ, ஆர், யூ. திரு."

"திருவா? திருப்பதி, திருத்தணி, திருவள்ளூர், இங்க எல்லாமே திருதானே! மொதல்ல வந்த திருப்பதியைப் பிடிச்சிக்கினான்."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் எப்படிக் கூப்பிடுவார்?" என்றாள் யுவஸ்ரீ. "பதி, பதி, பதின்னு ஒருத்தர். தணி, தணின்னு இன்னொருத்தர். திரு, திருன்னு கூப்பிட்டா நாமளும் திருதிருன்னுதான் முழிப்போம்!"

"கடைசி நாலு எழுத்து!" என்று கத்தினார் சித்தப்பா. "டி, ஏ, என், ஐ. தணி!"

ஞாயிற்றுக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. அம்மா மறுபடியும் கடலையைப் பரப்பினார். கட்டையனோ, மழை வரும் என்றான்.

"இந்த வானத்துலயா மழை? இவன் பேச்சை இன்னொரு தடவை நான் கேக்கறதா இல்ல" என்றார் அம்மா. வாசலில் கோதண்டபாணியின் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. அம்மா கட்டையனைக் கழற்றி அதில் வைத்தார். உடைந்த வாளிக்கும் துருப்பிடித்த ஃபேனுக்கும் நடுவில் கட்டையன் பரிதாபமாக உட்கார்ந்திருந்தான்.

யுவஸ்ரீ கெஞ்சவில்லை.

"குடுக்கறதுன்னா குடும்மா. ஆனா உன் கடலை மறுபடி நனைய வேணாம். நான் அள்ளிடறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். சித்தப்பா சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

கடைசி முறக் கடலையை அள்ளிச் சாக்கில் போடும்போது, யுவஸ்ரீயின் மூக்கில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. மலைக் கோயில் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது.

கீழே எட்டிப் பார்த்தாள். வாசலில் அம்மா ஓடிக்கொண்டிருந்தார்! வண்டியிலிருந்து கட்டையனை வாரி எடுத்து, முந்தானையால் மூடி, வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார். அடுத்த நிமிடம் மழை கொட்டியது.

மழைக்கு ஒதுங்கிய கோதண்டபாணி தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாக் கதையையும் கேட்டார். "நாளைக்கு நான் பள்ளிப்பட்டு போவணும். அங்க மழையான்னு இவரைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

"ஆங், அதுக்கின்னா? கடைசி நாலு எழுத்தைப் போட்டா ஆச்சு" என்றார் சித்தப்பா பெருமையாக.

"பட்டுன்னு தேடினா செங்கல்பட்டு வந்து நிக்குமே!" என்றாள் யுவஸ்ரீ.

சித்தப்பா திருதிருவென விழித்தார்.

"முன்னாடி இருக்கற பள்ளியைப் போடேன் பூபாலா. இதுகூடவா தெரியல?" என்றார் அம்மா, கட்டையனைத் துடைத்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் சீரியல் நேரத்தில் டிவியில் கட்டையன்தான் இருந்தான். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிப்பட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.