டாரியா எழுதிய பலகை

எங்கள் ஊரில் டாரியாவைப் போல அழகாக எழுதும் பத்து வயதுப் பெண் கிடையாது. அதனால்தான் அவள் அப்பா மைரன், மேய்ச்சல் நிலத்து வாசலில் மாட்டும் பலகையை அவளையே எழுதச் சொன்னார். ‘உள்ளே வரக் கூடாது’ என்று சிவப்பில் பளிச்சென்று எழுதி, ஓரத்தில் ஒரு பசுவையும் வரைந்தாள். பசு சிரித்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பலகையை மாட்டி, வாசலுக்குப் பெரிய பூட்டும் போட்டார்.

அவர் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. போன கோடையில் யாரோ வாசலைத் திறந்து போட்டுப் போக, மாடுகளெல்லாம் நெடுஞ்சாலைக்கு உலாவப் போய்விட்டன.

பந்து விளையாட்டுப் பயிற்சியில் டாரியா தன் பலகையைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி ரெய்னா மட்டும் சிரிக்கவில்லை. ரெய்னா ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் குடியிருப்பில் இருப்பவள்.

“அத நீயா எழுதின?”

“ஆமா. மாடு நல்லாருக்குல்ல?”

“அதப் பார்த்துட்டுதான் எங்கம்மா வண்டியத் திருப்பிட்டாங்க.”

பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய லெஸ்டர் மாமா இறந்து ஓர் ஆண்டு ஆகிறது. சனிக்கிழமை அவர் நினைவாக விருந்து. சாஸ்கட்டூன் என்னும் கருநீலக் காட்டுப் பழத்தில் செய்யும் சூப் இல்லாமல் அந்த விருந்து நடக்காது. மாமா சின்னப் பையனாக இருந்தபோது பழம் பறித்த புதர்கள் அந்த மேய்ச்சல் நிலத்துப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. வேலி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அவர்கள் வீட்டார் அங்கேதான் பறித்தார்கள். இந்த ஒரு தடவையாவது அண்ணனுக்கு அந்தப் பழம் வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாராம்.

டாரியா அதற்கு மேல் பயிற்சியில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் பூட்டிய வாசல் கதவில் ஏறி உள்ளே குதித்தாள். முழங்கை சிராய்க்க ஒரு வாளி நிறையப் பழம் பறித்து, சைக்கிளில் ரெய்னா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ரெய்னாவின் அம்மா வெர்னா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனால் வாளியை மட்டும் வாங்கவில்லை.

“இத நீங்க வீட்ல சாப்பிடுங்க, கண்ணு. லெஸ்டர் அண்ணனுக்கு நாங்கதான் பறிக்கணும். முதல்ல வேர்ல கொஞ்சம் புகையிலை வச்சு, எடுத்துக்கலாமான்னு கேக்கணும். கேக்காம எடுத்தத அவருக்குப் படைக்க மாட்டோம்.”

டாரியாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் புதரிடமும் கேட்கவில்லை, அப்பாவிடமும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். வாசல் திறந்து கிடந்தால் மாட்டை யார் துரத்திப் பிடிப்பது என்று அவர் முணுமுணுத்தார்.

“அவங்க புதர்கிட்டயே கேட்டுட்டுதான் எடுக்கறாங்கப்பா. நாம வேலி போட்டப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா?”

 அப்பா தட்டிலிருந்த உருளைக்கிழங்கை வெகுநேரம் குத்திக்கொண்டே இருந்தார். கடைசியில், “சிவப்பு பெயிண்ட் மிச்சம் இருக்கா?” என்றார்.

மறுநாள் பூட்டு இல்லை. பலகையின் மறுபக்கத்தில், ‘பழம் பறிக்க வாங்க. போகும்போது வாசலைச் சாத்துங்க’ என்று எழுதியிருந்தது. இந்தப் பசுவும் சிரித்தது. அப்பாவே பலகையைத் திருப்பி மாட்டினார்.

“இந்த மாடு உன்ன மாதிரியே பல்லக் காட்டுது” என்றாள் பழம் பறிக்க வந்த ரெய்னா. அதைக் கேட்ட பிறகுதான் டாரியாவுக்கு உயிர் வந்தது.

வெர்னா புதரடியில் புகையிலை வைத்து, தங்கள் மொழியில் தணிந்த குரலில் பேசினார். டாரியாவின் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொடுத்தார். அவளும் குனிந்து வேரில் வைத்து, “எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றார்.

சனிக்கிழமை விருந்துக்கு டாரியாவும் அப்பாவும் போயிருந்தார்கள். முதல் கிண்ணம் லெஸ்டர் மாமாவுக்கு. அப்புறம் எல்லோருக்கும் ஊற்றினார்கள். அப்பா மட்டும் இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது வெர்னா தயங்கித் தயங்கி, “அடுத்த வருஷமும் நாங்க வரலாமா?” என்று கேட்டார்.

அப்பா பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“எங்கிட்ட எதுக்கு கேக்கறீங்க, வெர்னா? புதர்கிட்ட கேளுங்க.”