வாசலை அடைத்த எருமை

காவல் கோபுரத்தில் முரசு விடாமல் அடித்தது. கடற்கொள்ளையர் கரையில் இறங்கிவிட்டார்கள். வயலில் இருந்தவர்கள் நாற்றைப் போட்டது போட்டபடி மதிலுக்குள் ஓடி வந்தார்கள்.

எங்கள் கோட்டை ஊருக்கு ஒரே வாசல். கொள்ளையர் கூட்டமாக நுழையக் கூடாதென்று முன்னோர்கள் அதைக் குறுகலாகக் கட்டியிருந்தார்கள். இப்போது அந்த வாசலை அடைத்துக்கொண்டு ஓர் எருமை நின்றது. இரும்புக் கதவைச் சாத்த வழியில்லை.

"யாரு எருமை இது?" என்றார் வாசல் காவல் ஃபூக் பெரியப்பா.

"எங்களுதுதான் பெரியப்பா," என்றாள் பத்து வயது யுக்லான்.

உள்ளேயிருந்து ஆறு பேர் கயிற்றை இழுத்தார்கள். எருமை அசையவில்லை. ஒருவர் வாசல் சாமிக்கு ஊதுவத்தி ஏற்றினார்.

"சாமி கும்பிட்டது போதும், வந்து இழு," என்று எரிந்து விழுந்தார் பெரியப்பா.

எருமை கழுத்தைத் திருப்பித் திருப்பி வெளியே பார்த்தது. யுக்லானும் குனிந்து பார்த்தாள். மதிலைச் சுற்றிய அகழிக்கு அப்பால் அதன் கன்று தனியாக நின்றது.

"கன்னு வெளியில நிக்குது பெரியப்பா. அது வராம இது வராது."

"கன்னு போனா போகுது. நீ போகாத."

அதற்குள் அவள் எருமையின் வயிற்றுக்கு அடியில் புகுந்து வெளியே போய்விட்டாள்.

அகழியின் மேலிருந்த பலகைப் பாலத்தில் கால் வைக்கக் கன்றுக்குப் பயம். இழுத்தால் பின்வாங்கியது. யுக்லான் தன் விரலை அதன் வாயில் வைத்தாள். கன்று சப்பத் தொடங்கியது. அவள் பின்னோக்கி நடக்க நடக்க, விரலை விடாமல் அதுவும் வந்தது. தூரத்தில் கொள்ளையரின் சிவப்புக் கொடி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடத்தான் அவளுக்கு ஆசை. ஓடினால் கன்று நின்றுவிடும்.

கன்று போய்த் தாயின் பின்காலை முட்டியது. எருமை ஒரு முறை கத்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளே நடந்தது. கன்றும் யுக்லானும் நுழைந்ததும் கதவு மூடியது. உடனே வெளியிலிருந்து கற்கள் வந்து விழுந்தன.

உயர்ந்த மதிலையும் ஆழமான அகழியையும் பார்த்துச் சலித்து, கொள்ளையர் மாலைக்குள் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் பெரியப்பா நடந்ததை, தலைமுறைகளின் பெயரும் வரலாறும் குறித்து வைக்கும் குலநூலில் எழுதினார். எழுதிக்கொண்டிருந்த தூரிகை பாதியில் நின்றது. அந்த நூலில் மகள்களின் பெயரை எழுதும் வழக்கமே இல்லை.

"எருமை பேரையாவது எழுதுங்க," என்றாள் யுக்லான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பெரியப்பா தாடியைச் சொறிந்தார். பிறகு, "கதவு மூடக் காரணம் யுக்லான்" என்று எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம் பெரியப்பா."