இரண்டாவது சிலிண்டர்

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

அலறல் ஸ்கேன் குழாய்க்குள்ளேயே முட்டி மோதி, அவள் காதுக்கே திரும்பி வந்தது.

கையிலிருந்த ரப்பர் பந்தை அழுத்தினாள். பயந்தால் அழுத்தச் சொல்லிக் கொடுத்த பந்து. அழுத்தினாள்... மறுபடியும் அழுத்தினாள்...

ஆள் வரவில்லை!

ஹெட்போனில் பெரிய டாக்டர் சிரித்தார்.

"எதுக்கும்மா வீணா கத்துறீங்க? டெக்னீஷியனை டீ குடிக்க அனுப்பிட்டேன். கதவையும் பூட்டியாச்சு."

முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டு. மூக்கையும் வாயையும் கவ்விய மாஸ்க். அசையாமலிருக்கக் கைகளில் பட்டை. எலிப்பொறியில் எலிக்காவது திரும்பிப் படுக்க இடமிருக்கும்!

"நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?"

"கண்ணை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்!"

போட்டோ ஸ்டூடியோவில் இருபது வருஷம் படங்களைத் திருத்தி டச்சப் பண்ணிய கண். அது சும்மா இருக்குமா?

கழுத்துக் கட்டிக்குள் ஆக்ஸிஜன் போகிறதா என்று பார்க்கும் ஸ்கேன் இது. முதலில் சாதாரணக் காற்று. பிறகு இரண்டாவது சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன். அது உள்ளே எட்டினால் படத்தில் கட்டி வெளுக்கும். டாக்டரின் புது மாத்திரையைச் சாப்பிட்ட எல்லோருக்கும் வெளுத்தது... ரிப்போர்ட்டில்!

போன வாரம் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரியின் ஸ்கேன் படத்தைப் பார்த்தாள். அது இவளுடைய படமேதான். இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதை வெள்ளந்தியாக டாக்டரிடமே போய்ச் சொல்லித் தொலைத்தாள்.

"இப்ப ரெண்டாவது சிலிண்டரைத் திறக்கிறேன். உள்ளே இருக்கிறது ஆக்ஸிஜன் இல்ல... நைட்ரஜன்! மூச்சு முட்டாது. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். ஏற்கெனவே கேன்சர்... யாரு சந்தேகப்படப் போறா?"

புஸ்ஸ்ஸ்...

மூச்சை அடக்கினாள். பத்து... இருபது... நாற்பது...

பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நிற்கப்போகும் மகள் நினைவுக்கு வந்தாள். அழுகை பொங்கியது. அழுத வேகத்தில் மூச்சு தானாக உள்ளே போய்விட்டது!

தலை சுற்றியது. விரல்கள் மரத்தன.

"பாரு... கட்டி இப்ப கறுக்கும்..." என்று ஆரம்பித்த டாக்டரின் குரல் சட்டென்று மாறியது. "என்ன இது... வெளுக்குது?"

பூட்டு திறக்கும் சத்தம். தடதடவென்று பூட்ஸ் கால்கள்!

படுக்கை வெளியே நகர்ந்தது. டெக்னீஷியன் கூண்டைக் கழற்றினாள். கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு அப்பால், இன்ஸ்பெக்டரின் பிடியில் டாக்டர்.

"பயப்படாதீங்கக்கா, உங்களுக்குள்ள போனது ஆக்ஸிஜன்தான். எந்த சிலிண்டரையும் முதல்ல என் மூக்குல வச்சுப் பார்க்காம பேஷண்டுக்குத் தரமாட்டேன். விரல்ல ஆக்ஸிஜன் அளக்குற கிளிப்பை மாட்டிக்கிட்டுப் பார்ப்பேன். காலைல நாலு மூச்சுலயே என் ஆக்ஸிஜன் அளவு சரிஞ்சுது. உடனே சிலிண்டரை மாத்திட்டேன். யார் வேலைன்னு தெரியணுமே! போலீஸுக்குச் சொல்லிட்டு, டாக்டர் பேசுற மைக்கை ஹால் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, மாத்துச் சாவியோடதான் டீக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை விடாம கேட்டார்."

"அடிப்பாவி! என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? தலையெல்லாம் சுத்திச்சேடி!"

"அது பயம்க்கா."

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. டெக்னீஷியனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"என் பத்து வருஷ ஆராய்ச்சி போச்சே!" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்க டாக்டர்!" என்றாள் அவள். "டச்சப் பண்ணாம வெளுத்த படம் ஒண்ணாவது கிடைச்சுதே!"