பனிநாட்டுச் சக்கரங்கள்

அந்த நான்கு சக்கரங்களுக்கு அடியில் மட்டும் தரை ஈரமாக இருந்தது.

தின்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. யாங்கோனில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. போட்டாதாங் ஆற்றோரம் ஜுல்ஃபிகர் பாயின் டயர் கிடங்கில், தகரக் கூரைக்குக் கீழே நின்றால் மூச்சே சுட்டது. மின்சாரம் காலையிலேயே போய்விட்டதால் காற்றாடியும் இல்லை. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்கள் கூரைவரை அடுக்கியிருந்தன, எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தூசி. மூலையில் இரும்பு ரிம்மோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த நான்கில் மட்டும் தூசி இல்லை. கறுத்த ரப்பர், ஐஸ் போட்ட டம்ளர் மாதிரி வியர்த்துச் சொட்டி, கீழே சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

கலைமணி அதைப் பார்த்தான். பக்கத்து மீன் துறைக்குப் போகும் ஐஸ் வண்டி எதுவோ ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பதினாலு வருஷம் டாக்ஸி ஓட்டியவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

அவனுக்கு அன்றைக்கு டயர் கிடைத்தே ஆகவேண்டும். போன வருஷம் முதல் மழையில், மொட்டையாகிப்போன டயரோடு தாமுவே பாலத்தில் இறங்கும்போது வண்டி வழுக்கி விளக்குக் கம்பத்தில் போய் நின்றது. பின் சீட்டில் அவன் மனைவி மங்கலம் இருந்தாள். அவள் வயிற்றில் மூன்று மாதம். அது தங்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்தது, ஒரு வழுக்கலில் போயிற்று. மங்கலம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும். மறுபடியும் உண்டாகி, இப்போது ஒன்பதாம் மாதம். மழையும் பிள்ளையும் ஒரே வாரத்தில் வரும்போலிருந்தது.

"பாய், மூலையில கிடக்கறது என் சைஸா?"

"சைஸ் சரிதான். அத விடு தம்பி," என்றார் ஜுல்ஃபிகர். அறுபது வயதுக்காரர், கடையில் தனியாள். "அது ஸ்நோ டயரு. பனி கொட்டற ஊருக்குச் செஞ்சது. பக்கவாட்டுல மலைப் படம் போட்டிருக்கும் பாரு."

மலைப் படம் இருந்தது. கலைமணி விரலை ஓட்டிப் பார்த்தான். ஆழமான பள்ளங்கள், பள்ளங்களுக்கு நடுவே பிளேடால் கீறின மாதிரி நூற்றுக்கணக்கில் நெளிநெளியான வெட்டுகள். நகத்தை அழுத்தினால் ரப்பர் உள்வாங்கி மெதுவாக மீண்டது. இவ்வளவு ஆழமான பள்ளத்தை அவன் ஒரு வருஷமாகக் கண்ணால் கண்டதில்லை.

"அந்தக் குளுர்ல இறுகிடக் கூடாதுன்னுதான் ரப்பர இப்படி மெத்துனு செய்யறான். நம்ம வெயில்ல குழைஞ்சுபோவும். ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா இழுத்துக்கிட்டே போவும். சாதா டயர் ரெண்டு இருக்கு, அத முன்னாடி போட்டுக்க."

"பனியிலயே வழுக்காதது மழையிலயா வழுக்கப்போவுது? எங்க ஸ்டாண்டுல பாதிப் பேரு இதத்தான் ஓட்டறாங்க, பாய்."

யாங்கோன் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் அது. ஜுல்ஃபிகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்க போடறது வெறும் டயரு. இது ரிம்மோட கழட்டினது. வண்டிய அங்கயே வச்சுக்கிட்டு நாலு சக்கரத்த மட்டும் அனுப்பியிருக்கான். அந்த வண்டிக்கு என்னாச்சுன்னு எவனும் எழுதி அனுப்பல. அது வந்ததுலேருந்து நான் அந்த மூலையில தொழுவறதில்ல, அவ்வளவுதான் தெரியும்."

கலைமணி சிரித்துவிட்டான். பள்ளத்தில் ஏதோ கல் சிக்கியிருக்க, சாவியால் நெம்பினான். வந்தது கல் இல்லை. உப்புப் பரல் மாதிரி வெள்ளையாக ஒன்று. விரல் நுனியில் சுரீரென்று கடித்து, கரைந்து, தண்ணீராக ஓடிவிட்டது.

மீன் ஐஸ்தான், வேறென்ன.

*

புதுச் சக்கரம் போட்டால் எலுமிச்சை வைக்காமல் மங்கலம் விடமாட்டாள். தாமுவேயில் அவர்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் வாசலிலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பழம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள்.

"ஏத்துங்க."

கலைமணி வண்டியை நகர்த்தினான். பழம் நசுங்கும் அந்தப் பொதக்கென்ற சத்தம் வரவில்லை. நான்கு சக்கரமும் குலுங்கி ஏறி இறங்கின. இறங்கிப் பார்த்தால் நான்கு பழமும் தோல்கூடக் கீறாமல் முழுசாகக் கிடந்தன. மங்கலம் ஒன்றை எடுத்தவள் உடனே கீழே போட்டாள். அது தரையில் டக்கென்று விழுந்தது.

"என்னங்க இது, ஃபிரிட்ஜ்ல வச்ச மாதிரி இருக்கு?"

"கடைக்காரன் ஐஸ்ல வச்சிருப்பான்."

"கரண்ட்டே இல்லாத ஊருல எலுமிச்சையத்தான் ஐஸ்ல வச்சு விக்கறாங்களாக்கும்," என்று அவள் கேலி செய்தாள். ஆனால் பழங்களைத் தொடாமல் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் வண்டி பூமியைக் கவ்விக்கொண்டு ஓடியது. சத்தம்தான் ஒருமாதிரி இருந்தது. தார் ரோட்டில் ஓடும் இரைச்சலோடு, அடியில் யாரோ உப்பு மூட்டைமேல் நடப்பதுபோல் சறுக் சறுக் என்று ஒன்று. ஏசி போடாமலே உள்ளே சில்லென்றிருந்ததால் சவாரி வந்தவர்கள் மகிழ்ந்துபோனார்கள். யாங்கோனில் ஓடும் வண்டிகளெல்லாம் ஜப்பானில் பழசானவை, சாவி போட்டால் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேசும், யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். கலைமணியின் வண்டிக்காரி இப்போது இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்றாம் நாள், நான்கு. ஐந்தாம் நாள் அவள் கேள்வி கேட்பதுபோலிருந்தது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய மொட்டை டயரை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளை பிறந்ததும் இந்த நான்கையும் கழற்றி எறிந்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

*

மங்கலத்தின் அழைப்பு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. பபேடானில் ஒரு சவாரியை இறக்கிவிட்டிருந்தான்.

"ஏங்க, வலி எடுத்திருச்சு. சீக்கிரம் வாங்க. பக்கத்து வீட்டு வேலம்மா அக்கா கூட இருக்காங்க."

பறந்தான். வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது, மழை ஒரு சொட்டும் இல்லை. தாமுவே பாலத்தின்மேல் ஏறும்போது கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ வந்து ஒட்டியது. எங்கோ குப்பை எரிக்கிறார்கள், சாம்பல் என்று நினைத்தான். வைப்பரைப் போட்டான். அது துடைத்த இடத்தில் ஈரம் மட்டும் மிஞ்சியது. இன்னொன்று விழுந்தது. பிறகு நாலைந்து. பிறகு, பஞ்சுத் தலையணையைக் கிழித்து உதறின மாதிரி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக, சத்தமே இல்லாமல் கொட்டத் தொடங்கியது. பக்கத்துப் பேருந்தின் சன்னலில் ஒருத்தி கன்னத்தில் பூசிய தனாக்கா மரச்சாந்து வியர்வையில் கரைந்து வழிய, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோட்டோரத்தில் தர்ப்பூசணிக்காரன் வெயிலுக்குக் குடை பிடித்திருந்தான். யார் தலையிலும் எதுவும் விழவில்லை. கலைமணியின் வண்டிமேல் மட்டும் விழுந்தது.

நின்று இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. அங்கே மங்கலம் வலியில் இருக்கிறாள். அவன் நிற்கவில்லை.

தெருவுக்குள் திரும்பி, கட்டடத்து வாசலை அடையும்போது சறுக் சறுக் சத்தம் கனத்தது. சக்கரங்கள் எதற்குள்ளோ புதைந்து, ஒரு முறை உறுமி, நின்றன. பெண்குரல் ஏதோ சொன்னது. நிதானமாக, ஆறுதல் சொல்வதுபோல.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. பூட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினான். சொடுக்கென்று சத்தம் வந்தது, கதவு வரவில்லை. வெளியே ஏதோ கனமாகச் சாய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை, கைப்பிடி உயரம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் உயரம். பிறகு தலைக்கு மேல். பகல் வெளிச்சம் பாலாகி, பிறகு சாம்பலாகி, உள்ளே மங்கியது. தெருவின் ஹாரன்களும் ஜெனரேட்டர் இரைச்சலும் ஒவ்வொன்றாக அமுங்கின. தன் மூச்சு மட்டும் கேட்டது.

ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கியது. ஒரு தடவைகூட அவன் போட்டிராத ஹீட்டர். அதிலிருந்து பழைய கம்பளி வாடை வந்தது. அதற்கு அடியில் புகை வாடை. வண்டியின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, தூங்கவைத்தே கொல்லும் புகை உள்ளே வருகிறது என்று ஓட்டுநர் மூளை சொன்னது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். அப்போதும் ஓடியது.

தலை கனத்தது. கண் செருகியது. தூங்கிவிடலாம் என்றிருந்தது.

ஃபோன் அடித்தது.

"வந்துட்டீங்களா! மாடியிலேருந்து வண்டி தெரியுது. நான் இறங்கறேன். அக்கா பை எடுத்துக்கிட்டுப் பின்னாடி வர்றாங்க."

"வராத! மங்கலம், வராத! வண்டியில ஏறாத! வேற வண்டி பிடி!"

"என்ன? யாருங்க பேசறது? பொம்பளக் குரல் கேக்குது... புரியல. சரி, சரி, வந்துட்டேன்."

"மங்கலம்!"

துண்டித்துவிட்டாள்.

நாலு மாடி. நிறைமாதக்காரி. பிடித்துப் பிடித்து இறங்குவாள். ஐந்து நிமிஷம். அவன் கண்ணாடியைக் குத்தினான். முழங்கையால் இடித்தான். காலைத் தூக்கி உதைத்தான். மேலிருந்து கொஞ்சம் வெள்ளை சரிந்தது. அவ்வளவுதான். நகங்களால் கதவு விளிம்பைப் பிறாண்டினான். வெளியே போகவேண்டும். எப்படியாவது வெளியே.

கண்ணாடியில் டொக் டொக். வளையல் சத்தம்.

"ஏங்க?"

காதுக்கு அருகில். மூன்று அங்குலம். அவளுடைய மூச்சிரைப்புகூடக் கேட்டது.

"தூங்கறீங்களா? கதவத் திறங்க. முடியலங்க."

அவள் கண்ணுக்குத் தெரிவது வெயிலில் நிற்கும் ஒரு வண்டி. உள்ளே சாய்ந்து கண்மூடியிருக்கும் புருஷன். கலைமணிக்கு அப்போதுதான் அது உறைத்தது. இதுவரை கதவு திறக்க வேண்டும் என்று துடித்தவன், பூட்டும் பொத்தான்மேல் பாய்ந்தான். கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்தியபடியே இருந்தான்.

திறக்காதே. முருகா, திறக்காதே. நான் இங்கேயே கிடக்கிறேன். அவள் போகட்டும். பிள்ளை போகட்டும்.

விரலுக்கு அடியில் பொத்தான் எதிர்த்து எழும்பியது. மெதுவாக. பலமாக.

சொடுக்.

பின்கதவு திறந்தது. அந்த ஒரு கதவில் மட்டும் வெள்ளை இல்லை. வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. சூடான காற்று, வெற்றிலை வாடை, தெருச் சத்தம், எல்லாம். ஒரு எட்டில் வெளியே போய்விடலாம். அவன் எழப் பார்த்தான். சீட் பெல்ட் இறுகிக் கல்லாகியிருந்தது. கத்தினான். வாயிலிருந்து ஆவி மட்டும் வந்தது.

நடுக்கண்ணாடியில் பின்சீட் தெரிந்தது.

மூன்று பேர். என்னாச்சென்று எவனும் எழுதி அனுப்பாத அந்த வண்டியின் ஆட்கள். கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றித் துணி. ஒருவர்மேல் ஒருவர் தலை சாய்த்திருந்தார்கள். முகங்கள் செக்கச்செவேலென்று, நல்ல தூக்கத்தில் இருப்பவர்கள்போல. கண்கள் திறந்திருந்தன. கதவோரம் இருந்தது சிறியது. அது நகர்ந்தது. பிறகு மற்ற இரண்டும். நெருக்கியடித்து, ஓரமாக ஒரு இடம் விட்டார்கள்.

மங்கலம் வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். "கை குடுங்க," என்றாள்.

உள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. சிவப்புக் கம்பளி உறை போட்டிருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.