ஒரு வீட்டுக்கு ஒருவர்

வீட்டுத் தபால் பெட்டியின் சிவப்புக் கொடி தூக்கியிருந்தது. லோவெல் அதைத் தூக்கவில்லை.

வாசற்படியிலிருந்து சாலையோரத்துப் பெட்டி வரைக்கும் ராத்திரி விழுந்த பனி, இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பைப் போலச் சுருக்கமில்லாமல் கிடந்தது. அதில் மனிதக் காலடி இல்லை, அணிலின் தடம்கூட இல்லை. தபால்காரர் எடுத்துப்போக ஏதாவது வைத்தவர்கள்தான் கொடியைத் தூக்கிவிடுவார்கள். இந்த வீட்டில் வைப்பதற்கு லோவெலை விட்டால் ஆள் கிடையாது. அவன் மனைவி நாடீன் அக்டோபரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பெட்டியைத் திறந்தான். ஒரே ஓர் உறை. அதன்மேல் நாடீனின் கையெழுத்து, பட்டாணியை வரிசையாக உருட்டி வைத்த மாதிரி. புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவள் ஒரு குட்டி வட்டம் போடுவாள். அதுவும் இருந்தது. உறையிலிருந்து மூட்டுவலித் தைலத்தின் வாடை லேசாக வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைப் பனியில் வீசிவிட்டுப் பக்கத்து மாநிலம் வரை ஓடியிருப்பார்கள். லோவெல் உறையைத் தடவி, உள்ளே அட்டை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. தானே என்றைக்கோ வைத்து மறந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டு, திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கொடியை இறக்கவில்லை. அட்டைக்கு இத்தனை டாலர் என்று வரும்போது அதை எழுதியது யாராக இருந்தால் என்ன? பயப்பட வேண்டிய இடத்தில் கணக்குப் போடுகிற பிறவி அவன்.

‘ஹாப்பி பெலிக்கன்’ என்பது போனில் ஆடும் சூதாட்டம். சூதாட்டம் என்று சொல்லக் கூடாது, பரிசுப் போட்டி என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் சட்டம் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் காசு கட்டாதவனும் ஆடுவதற்கு ஒரு வழி இருந்தாக வேண்டும் என்பதால், கையால் அட்டை எழுதித் தபாலில் அனுப்புகிறவர்களுக்குக் கம்பெனி அவர்கள் கணக்கில் கொஞ்சம் ஆட்ட நாணயம் இலவசமாகப் போடும். அவர்கள் சொன்ன வாசகத்தில் ஒரு சொல் பிசகக் கூடாது, எழுத்து கோணக் கூடாது. லோவெலின் கையெழுத்துக்கு முன்னால் கோழி கிளறிய குப்பைமேடு அச்சடித்த மாதிரி இருக்கும். அவன் எழுதிய அட்டைகளைக் கம்பெனி வாங்கிய கையோடு கிழித்துப் போட்டது.

அதனால் நாடீனை உட்கார வைத்தான். அவள் பெயரிலும் ஒரு கணக்குத் தொடங்கினான். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் ஆடலாம் என்று விதி இருந்தது. விதிகள் எல்லாம் தன் ஊரான லைமா நகரத்தின் மற்ற மடையர்களுக்கு என்பது அவன் எண்ணம். தவிர, ஜெயித்த பணத்தை எடுக்கப் போகிற வரை அங்கே யாரும் எதையும் சோதிப்பதில்லை.

அவள் எழுதினாள். சமையலறை மேசையில், ஜன்னலோர நாற்காலியில், நாள் முழுக்க எழுதினாள். அவள் தேய்த்துத் தீர்த்த பேனாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும். விரல் முட்டிகள் வீங்கி வெங்காயமாயின. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு எழுதினாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் லோவெல் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: “இன்னும் ரெண்டு கட்டு, நாடீன்.” ஆஸ்பத்திரிக் கட்டிலில், சூப்புக் கிண்ணம் வைக்கிற தட்டை அவள் மடிமேல் இழுத்து விட்டு, அங்கேயும் அதையே சொன்னான்.

அவள் போன பிறகும் கம்பெனிக்குச் சொல்லவில்லை. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன அட்டைகள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினான். நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முன்பே பெட்டி காலியாகிவிட்டது.

ஆனாலும் அவள் கணக்கில் நாணயம் ஏறிக்கொண்டே இருந்தது. லோவெல் அதையும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிட்டால்?

அன்றைக்கு ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கீழறை ஹீட்டர் பெருமூச்சு விட்டு விட்டு ஓடியது. டின்னிலிருந்து கொட்டிச் சூடாக்கிய பீன்ஸ் கறியில் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டபடி நாடீனின் கணக்கில் ஆடிக்கொண்டிருந்தான். போனில் இருந்த பெலிக்கன் பறவை திடீரென்று அலகைப் பிளந்தது. நாணயம் கொட்டியது. கொட்டி நிற்கவில்லை. பதினெட்டாயிரம் டாலர்.

“வாழ்த்துகள், நாடீன்!” என்றது போனுக்குள் இருந்த தேன்குரல்.

லோவெல் குளிர்பெட்டியின் கதவைப் பார்த்தான். அதில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த படத்தில், தட்டையான அடிப்பாகமும் வெயில் மறைப்பும் கொண்ட ஏரிப் படகு ஒன்று மிதந்தது. மனைவியின் கல்லறைக்குக் கல் வைக்காதவன், அதில் போய் மீன் பிடிப்பதைப் பற்றி ஒவ்வொரு ராத்திரியும் யோசித்திருந்தான்.

பணத்தை எடுக்கும் பொத்தானை அழுத்தினான். போன் முதலில் அவளுடைய வண்டி லைசென்ஸைக் கேட்டது, காட்டினான், ஏற்றுக்கொண்டது. அடுத்து திரையில் ஒரு முட்டை வடிவ வளையம் வந்தது. உயிருள்ள முகத்தை அதற்குள் காட்டி, சொல்கிறபடி தலையைத் திருப்ப வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் கணக்கு மூடப்படும், பணம் போய்விடும்.

அலமாரியிலிருந்து தேவாலய விருந்தில் எடுத்த நாடீனின் படத்தைக் கொண்டுவந்து வளையத்துக்கு நேராகப் பிடித்தான்.

“இது படம்,” என்றது தேன்குரல். “உயிருள்ளவர் வரவும்.”

நாடீனின் தங்கை கோரினைப் போனில் கூப்பிட்டான். அடக்கத்துக்குப் பிறகு அவளிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

“கோரின், உன் மூஞ்சிய ஒரு நிமிஷம் கடன் கொடு.”

“குடிச்சிருக்கியா?”

“நாடீன் பேர்ல பதினெட்டாயிரம் விழுந்திருக்கு. நீ அவள மாதிரியேதான இருக்க. போனுக்கு முன்னால உக்காந்து தலைய இப்படி அப்படித் திருப்பணும், அவ்வளவுதான். ஐநூறு தர்றேன்.”

“செத்தவ பேர்ல திருடறதுலயும் கஞ்சத்தனமா?”

“சரி, எழுநூறு.”

“அடக்கத்தன்னிக்குப் பூக்கடைக்காரன்கிட்ட தள்ளுபடிச் சீட்டு நீட்டினவன்யா நீ! இதுக்கு மேல கீழ எறங்க உனக்கு எடமே இல்லன்னு நினைச்சேன். நிலவறை வேற வெச்சிருக்கியே.”

“கோரின், இன்னும் ரெண்டு வாய்ப்புதான் இருக்கு. படகு போயிரும்!”

“நீயும் அதுலயே ஏறிப் போ.” அவள் வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தான். வைக்கவில்லை. “ஆமா, பக்கத்துல யாரு எழுதிட்டிருக்கா?”

“யாருமில்லயே.”

“பேனா கீறுற சத்தம் கேக்குதே. அக்கா போனப்புறம் வேற எவளையாவது புடிச்சு உக்கார வெச்சுட்டியா?” அவள் குரல் இறங்கியது. “லோவெல்… அவளும் இப்படித்தான் அழுத்தி எழுதுவா.”

இணைப்பு அறுந்தது.

லோவெல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஹீட்டர் ஓய்ந்திருந்தது. கூரை விளிம்பிலிருந்து பனி சொட்டுகிற ஒலி, குளிர்பெட்டியின் முனகல், இவற்றுக்கெல்லாம் அடியில், மர மேசைமேல் தடித்த அட்டையில் பேனாமுனை ஓடுகிற மெல்லிய, வறண்ட, விடாத கீறல். அவன் மேசைப் பக்கம் திரும்பியதும் நின்றது. ஜன்னலோர நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எலி, என்று முடிவு செய்தான். எலிக்குப் பதினெட்டாயிரம் டாலரைக் கெடுக்கிற தகுதி கிடையாது.

மாடிக்குப் போய் நாடீனின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டான். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டான். அவள் உதட்டுச் சாயத்தை, வேலிக்கு வண்ணம் அடிப்பவனைப் போல, வாயின் எல்லைகளை மதிக்காமல் பூசினான். கண்ணாடியில் பார்த்தபோது பூனை கடித்துத் துப்பிய கோமாளி மாதிரி ஒன்று தெரிந்தது. திருப்தியோடு இறங்கி வந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, வளையத்துக்குள் முகத்தைக் கொடுத்தான்.

தேன்குரல் தயங்கியது.

“ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். பின்னால் இருப்பவரை விலகச் சொல்லவும்.”

லோவெல் திரும்பவில்லை. திரையைப் பார்த்தான். சாயம் பூசிய அவன் முகம், தொப்பி, தோள். தோளுக்கு மேலே இருட்டான சுவர். அந்தச் சுவரில், எதுவும் இல்லாத இடத்தில், இரண்டாவது முட்டை வளையம் ஒன்று தானே தோன்றி எதையோ மென்மையாகப் பின்தொடர்ந்தது. அது இடம் நகர்ந்தது. கீழே இறங்கியது. நாற்காலியின் உயரத்துக்கு வந்து நின்றது.

தைல வாடை மூக்கில் ஏறியது.

வாய்ப்பு முடிந்தது. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அவன் கால்கள் வாசலுக்குப் போகத்தான் விரும்பின. சாவி ஆணியில் தொங்கியது. வண்டி வெளியே நின்றது. கோரினின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கழுத்து மயிரெல்லாம் எழுந்து நின்று போ, போ என்றது. ஆனால் போனில் பதினெட்டாயிரம் என்ற எண் மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் படகு ஒருமுறை ஆடியது.

தொண்டையைச் செருமினான்.

“சரி நாடீன்,” என்றான் நாற்காலியைப் பார்க்காமல். “நீயே காட்டு. ஒரு நிமிஷம்தான். அப்புறம் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

போனை நாற்காலியின் பக்கம் திருப்பி வைத்தான். பொத்தானை அழுத்திவிட்டுக் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

“முகத்தை நேராக வைக்கவும்,” என்றது குரல். “நன்றி.”

நாற்காலி கிறீச்சிட்டது.

“இடப்பக்கம் திரும்பவும். நன்றி.”

எலும்பு சொடுக்குகிற சத்தம்.

“கண்ணை மூடித் திறக்கவும்.”

ஒலி இல்லை.

“நன்றி, நாடீன். நீங்கள்தான். பணம் கிளம்பிவிட்டது.”

லோவெல் சிரித்துவிட்டான். அந்த இடத்திலும் சிரித்தான்! கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“ஒரு வீட்டுக்கு ஒருவர். இதே முகவரியில் லோவெல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்படி ஒருவர் இருந்தால், முகத்தைக் காட்டவும்.”

அவசரமாகப் போனை எடுத்தான். தொப்பியைப் பிடுங்கி எறிந்தான். வளையத்துக்குள் முகத்தை வைத்தான்.

திரையில் சமையலறை தெரிந்தது. குளிர்பெட்டி. படகின் படம். கறிக் கிண்ணம்.

“முகம் இல்லை. அருகில் வரவும்.”

அருகில் போனான். மூக்கு திரையில் முட்டியது. உதட்டுச் சாயம் கண்ணாடியில் ஒட்டவில்லை. மூச்சு படரவில்லை.

“முகம் இல்லை.”

“இருக்கேன்!” என்று கத்தினான். “இதோ இருக்கேன்டி!”

“லோவெல் கணக்கு மூடப்பட்டது.”

கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

நாற்காலி காலி. அது அவனுக்காகப் பின்னுக்கு இழுபட்டிருந்தது. எப்போது உட்கார்ந்தான்? தெரியவில்லை. மேசைமேல் வெள்ளை அட்டைகள், கட்டுக் கட்டாக, உத்தரம் வரைக்கும். வலது கைக்குள் பேனா. விடப் பார்த்தான். விரல் திறக்கவில்லை.

கை எழுதத் தொடங்கியது. உருண்டை உருண்டையாக. குட்டி வட்டத்தோடு.

முட்டிகளில் வலி கொதித்தது.

எப்படியோ மறுபடி சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த போனைக் கடைக்கண்ணால் பார்த்தான். திரையில் அதே மேசை. அதே நாற்காலி. நாற்காலியில் யாருமில்லை. ஒரு பேனா மட்டும் அந்தரத்தில் சாய்ந்து நின்று, அட்டைமேல் கீறிக் கீறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, வளையத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திய ஒரு முகம், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயை மட்டும் அசைத்தது.

“இன்னும் ரெண்டு கட்டு, லோவெல்.”