அவன் நடையில் அவள்

யாரோ தன் கால்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றுதான் பாண்டிமீனாவுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சிக்காக இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டியிருந்த அந்த ரோபோ கால்கள் தினமும் நிதானமாகத்தான் அடியெடுத்து வைக்கும். இன்றைக்கு என்ன வந்ததோ... கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நீள நீளமாக எட்டுப் போட்டன. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன் மேல் மோதி நின்றாள். டீ அவன் சட்டையில்.

"நடக்குற வழியில உக்காந்தா இப்படித்தான் ஆகும்," என்றாள். தப்பு தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால்தான் அவளுக்குக் குரல் உயரும். என்ன செய்வது, பிறவிக் குணம்.

அவன் சட்டையைப் பார்க்கவில்லை. அவள் கால்களைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"கோவிச்சுக்காதீங்க. அது என் நடைங்க."

பிசியோதெரபிஸ்ட் பிருந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாண்டிமீனாவுக்கு முன்னால் அதே மெஷினில் நடந்தவனுக்கு வைத்த வேகத்தையும் அடி நீளத்தையும் மாற்ற மறந்துவிட்டாளாம். நடந்தவன் இவன்தான். பெயர் முத்திருளன். மேலூரில் கிரேன் ஓட்டுகிறவன். லாரியிலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவன்.

முன்பின் தெரியாத ஒருவனின் நடையை நடந்து தொலைத்தோமே... அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. திட்டலாம் என்று நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... மழை விட்ட வானம் மாதிரி அப்படியொரு தெளிவு. திட்ட வந்தது மறந்தே போயிற்று.

அதற்குப் பிறகு அவன் தன் முறை முடிந்தும் வீட்டுக்குப் போவதாக இல்லை. வெளியே மழை என்பான். வெயில் கொளுத்தும்போதும் அதையேதான் சொன்னான், வெட்கமில்லாதவன். டி. கல்லுப்பட்டி தபால் ஆபீஸில் அவள் வேலை பார்த்ததையும், முதுகுத்தண்டில் வந்த கட்டியை எடுத்த பிறகு கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதையும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் மெஷினை விட்டுக் கைத்தடிக்கு மாறினான். அவள் மாறவில்லை.

ஒருநாள், தன் அம்மா பெண் பார்க்க வரலாமா என்று கேட்டான்.

உள்ளுக்குள் பூரித்துப் போனவள்தான்... ஆனால் அக்காவைப் பார்க்க வந்தவர்கள், ஊனம் ஏதும் உண்டா என்று தெரிந்துகொள்ள, கூடத்தில் அவளை நடக்கவிட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் கண்ணும் அக்கா காலில்!

"மெஷின் இல்லாம நான் நடக்குற அன்னைக்கு வரச் சொல்லுங்க."

"அதுக்கு நாளாச்சுன்னா?"

"நடக்கவே முடியாமப் போனா வரவே வேணாம்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் போனையும் எடுக்கவில்லை. எடுக்காமலே அழுதாள். இந்த வீம்பில் அவனை இழந்துவிடுவோம் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் இறங்கி வர மனம் வரவில்லை.

அடுத்த வாரம், பிருந்தா அவளை மெஷினில் கட்டி நிறுத்திய நேரம் பார்த்து முத்திருளன் வந்தான். கூடவே அவன் அம்மா. அந்தம்மா எதிரே உட்காரவில்லை. நேரே வந்து பாண்டிமீனாவின் பக்கத்தில், பெண் வீட்டுக்காரி மாதிரி உரிமையோடு நின்றுகொண்டார்.

முத்திருளன் கைத்தடியை அம்மாவிடம் கொடுத்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கதவு வரைக்கும் நடந்தான்... திரும்பி வந்தான். இடது கால் இழுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஒருமுறை தடுமாறினான். பிடிக்க வந்த பிருந்தாவை வேண்டாம் என்றான்.

"நல்லாப் பாத்துக்கத்தா," என்றார் அந்தம்மா. "எங்க வீட்டுல மாப்பிள்ளைதான் நடந்து காட்டணும்னு சொல்லிட்டான். பிடிக்கலைன்னாலும் சொல்லு, வருத்தமில்ல."

அவன் எதிரே வந்து மூச்சு வாங்க நின்றான். "உங்க காலு வரும்போது வரட்டும். எனக்கு நீங்க வந்தாப் போதும்."

பாண்டிமீனாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. சமாளித்துக்கொண்டு முறைத்தாள்.

"இடது காலு இழுக்குதே, அத்தை..."

"ஆமாத்தா, இழுக்கத்தான் செய்யுது."

"இழுத்தா இழுத்துட்டுப் போகுது. எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருக்கு, இவரை."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் என்றால் கால் இரண்டும் மெஷினில். வேறு வழியில்லாமல் நின்ற இடத்திலேயே, அத்தனை பேர் பார்க்க, ஆசை தீர வெட்கப்பட்டாள்.