சின்னச் சிவப்புக் கை

காலையில் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டிருந்த சின்னச் சிவப்புக் கை, சாயங்காலம் விரல்களை மடக்கியிருந்தது.

வழிகாட்டி டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். குகைக்குள் அதே வவ்வால் நாற்றம், எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், மேலே கரிக்கோட்டில் ஓடும் மாடுகள், சுவர் நெடுக ஆதிமனிதர்கள் பதித்த பெரிய பெரிய கைகள். கண்தான் கெட்டுப்போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டான். இந்த ஊர்ப் பயந்தாங்கொள்ளிகளைப் போல குகையைக் கண்டு நடுங்க அவன் என்ன முட்டாளா? கேமராவும் கையுமாக வந்து நிற்கும் மேதாவிகளையும் அவன் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. "குழந்தை கை ஒண்ணுகூட இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். சரி, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று, போன வாரம் மகளின் உள்ளங்கையில் செம்மண் குழைத்துப் பூசி, ஒரு பெரிய கைக்குப் பக்கத்தில் அழுத்திவிட்டான். இப்போது அதைப் பார்த்து உச்சுக்கொட்டிக் கண் கலங்குகிறார்கள். சிரிப்பை அடக்குவதுதான் அவனுக்குப் பெரும்பாடு.

இந்த ஊரிலேயே பிறந்த மனைவி மட்டும் அன்றைக்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "எங்க ஊர்ல யாரும் பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போனதே இல்லைங்க."

"உங்க ஊர்ல மூளையையும் யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல," என்றான்.

இப்போது ஈரத்துணியால் தேய்த்தான். போகவில்லை. சில்லென்ற பாறையில் அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. பக்கத்துப் பெரிய கை முன்பைவிட நெருங்கியிருந்தது. சின்ன விரல்களைப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு ஓடினான்.

"பாப்பா எங்க?"

மனைவி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்ககூட இல்லையா? தெருவுல நின்னு நீங்கதானே கூப்பிட்டீங்க. அப்பா கூப்பிடறாருன்னு ஓடினாளே."

அவள் அலறலில் ஊரே அவன் பின்னால் ஓடிவந்தது. குகை வாசலில் நின்றுவிட்டது. ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை.

"கோழைப் பயலுங்க," என்று காறித் துப்பிவிட்டு நுழைந்தான். குரல் நடுங்கியது அவனுக்கே கேட்டது.

பழைய இடம் வெறுமையாக இருந்தது. அழித்த தடம்கூட இல்லை.

கொஞ்சம் தள்ளி, ஒரு சின்னக் கை. பக்கத்தில் பெரிய கை. இன்னும் தள்ளி, இன்னொரு ஜோடி. உள்ளே. இன்னும் உள்ளே. போகப் போக ஈரம்.

கடைசி ஜோடியில் செம்மண் வழிந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் இருட்டு.

"பாப்பா..."

டார்ச் வெளிச்சத்தில், வெறும் பாறையில், மெல்ல ஒரு சின்னக் கை பதிந்தது. ஐந்து விரலும் அவன் பக்கம் விரிந்தன.

அதன் மேல் பெரிய கை பதிந்தது.